ஸ்பானிஷ் நிகழ்கால வினைகள்: பழகிய பின் ஒரு புலம்பல்

ஸ்பானிஷ் படிக்கலாமா, வினைச்சொல் ரொம்பப் படுத்துமா என்று தோழி கேட்டாள். மெக்சிகோ அலுவலகத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான், அதனால் சொல்கிறேன். வினைச்சொற்கள் ஆர், ஏர், இர் என்று முடிவதில் மூன்று வகை, அந்த ஈற்றை எடுத்துவிட்டு ஆளுக்கேற்ற விகுதி ஒட்டுவது, இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். விட்டுவிடுகிறேன்.

ஒழுங்கு வினைகள் நிஜமாகவே ஒழுங்கு. 'அப்லோ' என்றால் பேசுவது நான்தான். நம் ஊர்ப் பேச்சு மாதிரியே 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேச 'அப்லாயிஸ்' என்று தனி வடிவம் உண்டு. மெக்சிகோவில் அந்தத் தொல்லையும் கிடையாது, 'அவர்கள்' வடிவமான 'அப்லான்' போதும். புதிதாக வரும் வினைகளும் பெரும்பாலும் ஆர் வகையில்தான் சேர்கின்றன. ஸ்கேன் செய்ய 'எஸ்கனேயார்' என்று தெரிந்தால் போதும், யாரையும் கேட்காமல் 'எஸ்கனேயோ' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இதில் ஒரு தனி சுகம்.

சரி, இப்போது அந்த 'மோஸ்'. 'நாங்கள்' வடிவம். ஆர் வகையிலும் இர் வகையிலும் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே உரு. 'பிபிமோஸ்' என்றால் வாழ்கிறோம், வாழ்ந்தோம், இரண்டும்தான். ஏர் வகை மட்டும் யோக்கியம்: 'கொமேமோஸ்' சாப்பிடுகிறோம், 'கொமிமோஸ்' சாப்பிட்டோம். மற்ற இரண்டுக்கும் அப்படி ஒரு உயிரெழுத்தை மாற்றிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

போன திங்கட்கிழமை குழுவில் ஒரு செய்தி: 'த்ரபஹாமோஸ் எல் சாபதோ'. சனிக்கிழமை வேலை செய்தோம் என்கிறாரா, செய்யப்போகிறோம் என்கிறாரா? வரப்போவதையும் நிகழ்காலத்திலேயே சொல்லும் பழக்கம் வேறு. (நாமும் 'நாளைக்கு வர்றேன்' என்கிறவர்கள்தான், மறுக்கவில்லை.) 'எல் சாபதோ' போன சனிக்கும் பொருந்தும், வருகிற சனிக்கும் பொருந்தும். எந்தச் சனி என்று கேட்டேன். 'எல் கே பியேனே' என்று பதில் வந்தது. வருகிற சனியாம். ஊருக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்.

அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சூழலிலேயே காலம் புரிந்துவிடுகிறது. அது நியாயம்தான். திங்கட்கிழமை காலையில் எனக்கு என்ன சூழல் இருக்கிறது?

தோழிக்குப் பதில்: தாராளமாகப் படி, இதைவிடச் சுலபமான தொடக்கம் அமையாது. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. டிக்கெட் ரத்துக் கட்டணம் கழித்தது போக.