போக 860, வர 860: ஒரு ஜோடி ஹெல்மெட் இன்டர்காம்

நானும் என் நண்பனும் 16 வருஷமாகச் சேர்ந்து பைக் ஓட்டுகிறோம். இத்தனை வருஷமும் ஓடும் வண்டியில் எங்களுக்குள் இருந்த பேச்சு மொத்தம் ஐந்து சைகைதான். டேங்கைத் தட்டினால் பெட்ரோல். காலை நீட்டினால் அந்தப் பக்கம் பள்ளம். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாக வா. ஹெல்மெட் உச்சியில் தட்டினால் முன்னால் போலீஸ். ஐந்தாவது சைகைக்கு இன்றுவரை அர்த்தம் தெரியாது. அவன் அதைக் காட்டும்போதெல்லாம் நான் ஓரங்கட்டி நிறுத்தி, "என்னடா?" என்று கேட்பேன். பாதி நேரம் "ஒண்ணுமில்ல, தோள் வலிச்சுது, உதறினேன்" என்பான்.

இந்த முறை நாங்கள் கிளம்பிய ராலி 860 கிலோமீட்டர் தள்ளி. போக இரண்டு நாள், அங்கே கூடாரத்தில் இரண்டு இரவு, திரும்ப இரண்டு நாள். ராலி என்றதும் பந்தயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மைதானத்தில் எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்து சேரும். அடுத்தவன் பைக்கைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்ப்போம். அவ்வளவுதான். அதற்காக இவ்வளவு தூரமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு, ஜோடியாக விற்கும் ப்ளூடூத் இன்டர்காம் வாங்கினோம். ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கரும் மைக்கும் ஒட்டிக்கொண்டு, ஓடும் வண்டியிலிருந்தே ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் சாதனம். கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த ரகத்தில் நாலைந்து கம்பெனி செய்கிறார்கள், நான் சொல்வதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் மாட்டும் கதை. பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாளில் மாட்டும் படம் பெருவிரல் நகம் அளவுதான். நான் ஸ்பீக்கர்களை ஹெல்மெட்டின் குழியில் கண்ணளவாக ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அவன் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது. பொருளே மட்டம் என்று முடிவு கட்டி, திருப்பிக் கொடுக்க பெட்டியைத் தேடினேன். நல்லவேளை, அதற்குள் இன்னொரு தடவை முயன்று பார்த்தேன். 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் அது. காதுத் துளைக்கு நேரே நிற்காமல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் பாதி சத்தம் போய்விடுகிறது. காது மடலில் சாக்பீஸ் தடவிக்கொண்டு ஹெல்மெட்டைப் போட்டுக் கழற்றினேன். உள்துணியில் ஒரு கோடு இழுபட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல்முனைதான் காது கடைசியாக வந்து நின்ற இடம். அங்கே ஒட்டியதும் இதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கராகிவிட்டது. இந்த வகைப் பொருளைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சென்டிமீட்டரைத்தான் திட்டுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அவன் ஹெல்மெட்டில் குழி ஆழமில்லை. ஸ்பீக்கர் காதை அமுக்கியது. "உள்ள கொஞ்சம் சீவிடலாமா?" என்று கத்தியோடு வந்தான். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் அந்தத் தெர்மாகோல்தான் விழும்போது தான் நசுங்கி மண்டையைக் காப்பது. அதைச் சீவுவதற்கு ஹெல்மெட் போடாமலே வரலாம் என்றேன். கடைசியில் ஸ்பீக்கர் மேல் இருந்த பஞ்சு உறையைக் கழற்றிவிட்டுப் போட்டான். அப்படியும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை காது வலிக்கிறது என்று நிறுத்தினோம்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் இடது காதில் சில வருஷமாக ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. ராத்திரியில்தான் பாடும். காரணம் சைலன்ஸர் அல்ல, காற்று. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் பல சமயம் 95 டெசிபலைத் தாண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிஷம். நாங்கள் ஓட்டியது நாளைக்கு ஒன்பது மணி நேரம். இதற்கு மேல் இன்டர்காம் சத்தத்தையும் காற்றுக்குப் போட்டியாக ஏற்றினால் சில்வண்டுக்குத் துணை வந்துவிடும். அதனால் முதலில் காதுக்குள் பஞ்சு இயர்பிளக், அப்புறம் ஹெல்மெட். காதை அடைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று அவனும் சிரித்தான். ஆனால் அடைத்தால்தான் காற்று அடங்கி, பேச்சு தனியாகத் துலங்குகிறது. ஸ்பீக்கருக்கு அதை ஈடுகட்டும் அளவு தெம்பு இருக்கிறது. இது இந்தப் பொருளுக்கு நான் தரும் பெரிய மார்க்.

மைக்கும் நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஓட்டுகிறவன் ஒழுங்காக இருந்தால். முழு ஹெல்மெட்டுக்குத் தருவது பட்டன் அளவு மைக். உதட்டுக்கு நேரே, தாடைப்பகுதியின் உட்புறம் ஒட்ட வேண்டும். காற்றுச் சத்தத்தை வடிகட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, வடிகட்டவும் செய்கிறது. ஆனால் என் நண்பனுக்கு வைசரை, அதாவது ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை, ஒரு விரற்கடை திறந்து வைக்காவிட்டால் மூச்சு முட்டுமாம். அந்த இடைவெளி வழியே நுழையும் காற்று முழுவதும் என் காதுக்கு வந்தது. முதல் நாள் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "வைசரை மூடுடா."

எவ்வளவு தூரம் எட்டும்? பெட்டியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்கிறார்கள். நேரான வெட்டவெளிச் சாலையில் எங்களுக்கு 500, 600 மீட்டர் எட்டியது. மலைப்பாதை வளைவுகளில் 200 மீட்டருக்குள்ளேயே அறுந்தது. ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பாறைக்குப் பின்னால் வளைந்து வராது, நடுவில் ஒரு லாரி நுழைந்தாலே தடுமாறும். இதைக் குறை என்றுதான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் குரல் கரகரக்க ஆரம்பித்தால் அவன் பின்தங்குகிறான் என்று அர்த்தம். நான் மிரரைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். மறுபடி நெருங்கியதும் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துகொள்ளும், சேராவிட்டால் ஒரு பட்டன். நாலைந்து பேராகப் போகிறவர்கள், எல்லாச் சாதனமும் வலை போல ஒன்றோடொன்று இணையும் மெஷ் வகையைப் பார்க்கட்டும். அதில் நடுவில் ஒருவர் காணாமல் போனாலும் மற்றவர்களின் பேச்சு அறுபடாது. இரண்டு பேருக்கு ப்ளூடூத் போதும்.

பட்டன்கள்தான் எனக்குப் பிடிக்காதவை. தடித்த க்ளவ்ஸ் போட்ட விரலுக்கு மூன்று பட்டனும் ஒன்றுதான். ஒருமுறை அமுக்கினால் ஒரு வேலை, இருமுறை அமுக்கினால் கடைசியாகப் பேசிய எண்ணுக்கு போன். மைக்கை அணைக்க நினைத்து என் நண்பன் இருமுறை அமுக்கிவிட்டான். கடைசி எண் அவனுடைய மேலதிகாரி. காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தான். வைசர் வேறு திறந்திருந்தது.

பேச முடிகிறது என்பதால் முதல் மூன்று மணி நேரம் ஓயாமல் பேசினோம். அப்புறம் ஒரு பழைய பஞ்சாயத்து. அவன் எனக்கு விற்ற ஒரு கார்புரேட்டர் பற்றியது, விவரம் வேண்டாம். குரல் உயர்ந்தது. நான் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு 14 கிலோமீட்டர் வீணாக ஓட்டினேன். அதைவிட மோசம், முன்னால் போன வேன் பிரேக் பிடித்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். கண் சாலையில்தான் இருந்தது, மனசு கார்புரேட்டரில். அதிலிருந்து ஓவர்டேக்கிலும் சந்திப்பிலும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். இதை எந்த விளக்கத்தாளும் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு வலது வளைவு. அவன் முன்னால், நான் இரண்டு வண்டி நீளம் தள்ளி. "மணல்" என்றான். ஒரே சொல். நான் வண்டியைச் சாய்ப்பதற்குள் வேகத்தைக் குறைத்து, மணலைச் சுற்றி வந்துவிட்டேன். சாய்ந்திருக்கும் வண்டியில் அவனால் காலை நீட்டிக் காட்டியிருக்க முடியாது. நான் போட்ட பாதிப் பணம் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் அடைமழை. ஐபி67 தரம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று போட்டிருந்ததால் கவலைப்படவில்லை. ஆனால் சார்ஜர் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்கிறதா இல்லையா என்று விரலுக்குத் தெரிவதில்லை. என்னுடையது மூடவில்லை. செத்துவிட்டது. மறுநாள் கூடாரத்தில் காயவைத்த பிறகுதான் சார்ஜ் ஏறியது. தவறு என்னுடையதுதான், ஆனாலும் மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும்படி செய்ய முடியாதா?

மீதி 130 கிலோமீட்டர் பழைய சைகைகள். நடுவில் அவன் ஐந்தாவது சைகையைக் காட்டினான். நிறுத்தி "என்னடா?" என்றேன். "நீ பேசவே இல்ல, கோவமோன்னு பாத்தேன்" என்றான். மழையில் செத்ததை அவனிடம் நான் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. எதால் சொல்வது?

பாட்டரி 13 மணி நேரம் என்று விளம்பரம், எங்களுக்குப் பத்துதான் வந்தது. ஒரு நாள் ஓட்டத்துக்கு அது போதும். ராலி மைதானத்தில் ஒரு சார்ஜிங் பலகைக்கு நாற்பது பேர் நிற்பார்கள் என்பதால் பவர் பேங்க் எடுத்துப் போங்கள். அங்கே வேறு கம்பெனி இன்டர்காம் வைத்திருந்த ஒருவரோடு இணைக்க முயன்றோம். இருபது நிமிஷம் போராடி, குகைக்குள் பேசுவது போல ஒரு குரல் கிடைத்தது.

அடுத்த மாதம் இன்னொரு ராலி, இதே ஜோடிதான் வருகிறது. அவன் ஹெல்மெட்டுக்கு மெல்லிய ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருக்கிறான். நான் ரப்பர் மூடிக்கு மேலே ஒட்ட டேப் வாங்கிவிட்டேன். வைசரை முழுசாக மூடி ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். எனக்கு நம்பிக்கையில்லை.