வெங்காய மண்டி தராசுல ஏறின கேபின் பேக்

வேலூர்ல பேக் வாங்க போறீங்கன்னா ஒரு இஞ்ச் டேப்பும், ஊர் சுத்த எடுத்துகினு போகப் போற துணிமணிய ஒரு கட்டப்பைல போட்டும் கையோட எடுத்துட்டு போங்க. சிரிக்காதீங்க, சீரியஸா சொல்றேன். இந்த தடவ ஊருக்கு வந்ததுல கல்யாணம், பேங்க் வேலை, பத்திர ஆபீஸ் எல்லாம் ஏதோ ஓடிடுச்சு, அத பத்தி எழுத ஒண்ணியும் இல்ல. ஆனா ஒரு பேக்பேக் வாங்கறதுக்குள்ள பட்ட பாடு இருக்கே, அத யார்கிட்டயாச்சும் கொட்டலன்னா ஆறாது.

விஷயம் இதான். நான் இருக்கறது ஜெர்மனில. வேலூர்ல இருந்து நேரா அங்க திரும்பாம பாங்காக், வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர்னு ஒரு பெரிய ரவுண்டு அடிச்சிட்டு போலாம்னு பிளான், நடுவுல எல்லாம் சீப் டிக்கெட் ஃப்ளைட்டுதான், அதுல ஒவ்வொரு தடவையும் செக்-இன் லக்கேஜுக்கு தனியா காசு, எறங்கின இடத்துல பெல்ட் முன்னாடி நின்னு வேடிக்கை, இதெல்லாம் வேணாம், முதுகுல ஒரே பேக் போதும்னு முடிவு பண்ணிட்டேன். அங்க ஒரு நல்ல 40 லிட்டர் டிராவல் பேக் 150 யூரோவுக்கு மேல போவுது. நம்ம ஊர்ல அதே மாதிரி கிடைக்கும், அதுவும் தோலும் பேக்குமா பொழைக்கற பழைய வேலூர் ஜில்லா, ராணிப்பேட்டை மேல்விஷாரம் ஆம்பூர் வாணியம்பாடின்னு உலகத்துக்கே செருப்பு ஷூ தெச்சி அனுப்பற ஊருங்க, இங்க கிடைக்காம எங்க கிடைக்கும்னு ஒரு திமிரோட வந்தேன்.

வாங்கறதுக்கு முன்னாடி கணக்கு போட்டு வெச்சிருந்தேன், இதை கொஞ்சம் பொறுமையா படிங்க, உங்களுக்கும் உதவும். இண்டிகோல கேபின் பேக் 55, 35, 25 சென்டிமீட்டர். ஏர் இண்டியால 55, 40, 20. ஏர்ஏசியால 56, 36, 23. ஸ்கூட்ல 54, 38, 23. எதை கூட்டி பாத்தாலும் 115 தான் வருது, ஆனா ஷேப்பு ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. எனக்கு எல்லா டிக்கெட்டும் இன்னும் போடல, எதுல வேணா ஏறுவேன், அப்போ ஒவ்வொண்ணுலயும் சின்ன நம்பரத்தான் எடுக்கணும், 54, 35, 20. பெருக்கினா 37,800 கன சென்டிமீட்டர், 38 லிட்டர் கூட முழுசா இல்ல. அதனால கடைல 45 லிட்டர் 50 லிட்டர் பேக்க காட்டி கேபின் சைஸ்னு ஒருத்தன் சொன்னா அவன் அளந்து பாக்கலன்னு அர்த்தம். வெயிட்டு ஸ்கூட்ல மட்டும் 10 கிலோ, மத்ததெல்லாம் 7 கிலோ, ஏர்ஏசியால கைல வெச்சிருக்கற சின்ன பையும் அந்த 7-லயே சேர்த்திதான். சக்கரம் வெச்ச கேபின் பெட்டி வெறுசாவே ரெண்டரை, மூணு கிலோ இருக்கும், மிச்சம் நாலு கிலோல இன்னாத்த வெப்பீங்க? அதுக்குதான் பேக்பேக். காலியா ஒன்றரை கிலோவுக்குள்ள இருக்கணும், சூட்கேஸ் மாதிரி முழுசா தொறக்கணும், மேல மட்டும் வாய் இருக்கற ட்ரெக்கிங் பேக்ல அடில இருக்கற ஜட்டிய எடுக்க லாட்ஜ்ல மொத்தத்தையும் கட்டில்ல கொட்டணும்.

சரி, முதல்ல போனது ஒரு ஏசி ஷோரூம். பேரு வேணாம். உள்ள கால் வெச்சதுமே பையன் ஹிந்தில ஆரம்பிச்சான். முதுகுல ஒரு பழைய பை, கைல தண்ணி பாட்டில், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பாக்க வந்த கொல்கத்தாக்காரர்னு நெனச்சிட்டான் போல. அது தப்பில்ல, காந்தி ரோடு பக்கம் போனா போர்டே பெங்காலிலதான் இருக்குது, ஏவாரம் அப்படி. தம்பி நான் தோட்டப்பாளையம்தான்னு சொன்னதும் தமிழுக்கு வந்தான், ஆனா முகத்துல இருந்த மரியாதை பாதி போயிடுச்சு.

எடுத்து காட்டினது பூரா பாக்க ஜோரா இருந்துது. ஏன்னா உள்ள பூரா பேப்பர உருண்டையா கசக்கி அடைச்சு வெச்சிருக்காங்க, தொப்பை இல்லாத மாப்ள மாதிரி விறைப்பா நிக்குது. டேப் இருக்குதான்னு கேட்டேன். "டேப்னா இன்னா சார்?" அளக்கறதுக்குபா. "அதெல்லாம் வேணாம் சார், இது கேபின் சைஸ்தான், எல்லா ஃப்ளைட்லயும் அலவுட்." டேக்குல பாத்தா 45 லிட்டர்னு போட்டிருக்கு. நான் கொண்டு போன டேப்ப எடுத்து அளந்தேன், உயரம் 52, அகலம் 34, கனம் காலியா இருக்கும்போது 20 சொச்சம். சரி, இந்த பேப்பர எடுத்துட்டு என் துணிய போட்டு பாக்கறேன், ரொம்பினப்புறம் எவ்ளோ உப்புதுன்னு பாக்கணும்னு சொன்னேன். அவ்ளோதான், கடைல பூகம்பம். பையன் சூப்பர்வைசர கூப்டான், சூப்பர்வைசர் மேனேஜர கூப்டார், மேனேஜர் வந்து சிரிச்சிகினே, "பில் போட்டப்புறம் வீட்ல போய் போட்டு பாருங்க சார், டிஸ்ப்ளே பீஸ்ல எதுவும் வெக்கக் கூடாது." வீட்ல போய் போட்டு, பெருசா இருந்தா திரும்ப எடுத்துப்பீங்களா? "எக்ஸ்சேஞ்ச் கிடையாது சார், மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட் இருந்தா மட்டும்."

சட்டைய டிரையல் ரூம்ல போட்டு பாக்க விடறீங்க, பேக்குக்குள்ள அதே சட்டைய போட்டு பாக்க விட மாட்டீங்களான்னு கேட்டேன். பதில் இல்ல. ஜெர்மனில கடைக்காரங்க ஒண்ணும் நம்மள பாத்து பல்லக் காட்ட மாட்டாங்க, ஒரு சந்தேகம் கேட்டா மூஞ்ச தூக்கி வெச்சிகினு பதில் சொல்றவங்கதான், ஆனா மலையேற்ற சாமான் விக்கற கடைல பேக்குக்குள்ள போட்டு பாக்கறதுக்குன்னே கனமான தலகாணி மாதிரி மூட்டைங்க வெச்சிருப்பாங்க, அத போட்டு மாட்டிகினு கடைக்குள்ளயே அரை மணி நேரம் நடக்கலாம். ஆன்லைன்ல வாங்கினா 14 நாளைக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாம். இங்க ஏசி வந்துடுச்சு, கண்ணாடி கதவு வந்துடுச்சு, "வெல்கம் சார்" வந்துடுச்சு, பேக்க தொட்டா மட்டும் ஷாக் அடிக்குது. முன்னாடி அப்படி இல்லங்க. ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி லாங் பஜார்ல கூட்டத்துல இடிச்சிகினு போவோமே, பேக் கடைல நயினா நோட்டு புக் டிபன் பாக்ஸ் எல்லாத்தையும் உள்ள அடுக்கி என் முதுகுல மாட்டி, பின்னாடி திருப்பி பாத்து, வார இழுத்து ஆட்டி பாத்துட்டுதான் வெலையே பேசுவார்.

அந்த ஞாபகத்துல ஆட்டோ புடிச்சி நேரா லாங் பஜாருக்கே போயிட்டேன். வெயில் மண்டைய பொளக்குது. சந்து மாதிரி ஒரு கடை, மேல இருந்து கீழ வரைக்கும் பேக்கா தொங்குது, ஒரு ஃபேனு, அதுவும் கடைக்கார பாய் தலைக்கு நேரா. வயசானவர், ஒரு காலத்துல மேல்விஷாரம் பக்கம் தோல் கம்பெனில தையல் பாத்தவராம். எங்க போற தம்பின்னு கேட்டார். லிட்டர் கேக்கல, பட்ஜெட் கேக்கல, எங்க போற, எத்தினி நாளு, மழைல நடப்பியா, அவ்ளோதான் கேட்டார். அப்பால ஒரு கொக்கி கம்பால மேல இருந்து ஒரு சாம்பல் கலர் பேக்க எறக்கி, முன்னாடி வெக்காம தலகீழா திருப்பி, ஜிப்பு ரன்னரோட பின்பக்கத்த காட்டினார். "நம்பர் பாரு." 8-னு பொறிச்சிருந்துது. அது பல்லோட அகலம், மில்லிமீட்டர் கணக்குல கிட்டத்தட்ட அதான், ஸ்கூல் பேக்ல 5 வரும், பெரிய வாய்க்கு 8 இல்லன்னா 10 இருக்கணுமாம். ஷோரூம்ல ரெண்டாயிரத்து சொச்சம் ரூபாய் பேக்லயும் 5-தான் இருந்துதுன்னு அப்பதான் ஒறைச்சுது. தோள் வார் ஒட்ற எடத்துல சும்மா நேர் தையல் இருந்தா வேணாம்னு வெச்சிடு, பொட்டி போட்டு குறுக்க பெருக்கல் குறி மாதிரி தெச்சிருக்கணும்னார். பேக்குங்க முக்கால்வாசி வளைவுலதான் ஜிப்பு பிச்சிகினு போவும், ரொம்ப வெச்சிட்டு ஒரே கையால மூலைய சுத்தி ரன்னர இழு, நிக்காம ஓடினா வாங்குன்னு சொல்லிட்டு, அவரே என் கட்டப்பைய புடுங்கி துணிய கல்லா மேல கொட்டிட்டார். கேக்கவே இல்ல நான்!

நாலு டீ ஷர்ட், ஒரு ஜீன்ஸு, ஒரு காட்டன் பேண்ட், ஜட்டி பனியன், மழை கோட்டு, லேப்டாப்பு சார்ஜரு, பவர் பேங்கு, செருப்பு, அப்புறம் அம்மா குடுத்த பருப்பு பொடி, கறிவேப்பில பொடி. மக்கன் பேடாவும் ஒரு டப்பா குடுத்திருந்தாங்க, ஆற்காட்டுல போய் வாங்கினது, அது ஜீரால மெதக்குது, 100 மில்லிக்கு மேல தண்ணியா எதுவும் கேபின்ல போவாதுமான்னு சொன்னா, "அது தண்ணியாடா, ஸ்வீட்டு"ன்னு சண்டை. அத வீட்லயே தின்னு தீத்தாச்சு. எல்லாம் உள்ள போயி ஜிப்பு மூடி, டேப்ப வெச்சா 53, 34, கனம் 22. ரெண்டு சென்டிமீட்டர் ஓவர். பாய் பக்கத்துல இருக்கற அமுக்கற வார ரெண்டு இழுப்பு இழுத்தார், 20-க்கு வந்துடுச்சு.

இப்ப எடை. கடைல தராசு இல்ல. பாய் ஒரு பையன கூப்ட்டு, "டேய், அண்ணன மண்டிக்கு இட்டுகினு போயி இத எடை போட்டு காட்டுடா"ன்னார். காசு குடுக்கல நான், ஒரு ரூபாய் அட்வான்ஸ் இல்ல, பேரு கூட கேக்கல, புது பேக்கோட கடைய விட்டு வெளிய அனுப்பறார். ஜெர்மனில இப்படி பண்ணா வாசல்ல அலாரம் அடிச்சி செக்யூரிட்டி புடிப்பான்.

மண்டி தெருவுல ஒரு வெங்காய கடை, கோணி மேல கோணி. பையன் நேரா போயி பிளாட்ஃபார்ம் தராசுல இருந்த மூட்டைய காலால தள்ளிட்டு என் பேக்க வெச்சான். மண்டிக்காரர் கத்தினார், "இன்னாடா பாய் பையா, பேக்க விக்க வந்துகிறியா?" விஷயம் சொன்னதும் அவரும் எழுந்து வந்துட்டார். செகப்பு லைட்டுல 8.340. காலி பேக் 1.2. "எவ்ளோ உடுவான்?" 7. "அப்போ ஒண்ணே முக்கால எடு, ஏர்போர்ட் தராசு நம்ம தராசு மாதிரி நாயமா இருக்கும்னு இன்னா நிச்சயம்?" அங்கியே கோணி மேல பேக்க தொறந்தோம். சுத்தி ஆளு கூடிட்டாங்க, ஆளுக்கு ஒரு ஐடியா. ஜீன்ஸ எடுபா, குடியாத்தம் லுங்கி ரெண்டு வெச்சிக்க, காயறதும் சீக்கிரம்னு ஒருத்தர். மழை கோட்ட மேல போட்டுகினு ஏறு, பாக்கெட்ல சார்ஜர போடுன்னு இன்னொருத்தர், இது எந்த ஊரு பட்ஜெட் டிராவல் வீடியோல சொன்னாலும் சொல்ற அதே ஐடியா. மூட்டை தூக்கற ஒரு அண்ணன் மட்டும் ஒண்ணும் பேசாம, நான் வெளிப்பக்கம் வெச்சிருந்த லேப்டாப்ப எடுத்து முதுகோட ஒட்ற பக்கம் சொருவிட்டு, "கனம் முதுவோட ஒட்டி இருக்கணும் தம்பி, தள்ளி இருந்தா பின்னால இழுக்கும்"னார். மாட்டி பாத்தேன். அதே எடைதான், பாதி கொறஞ்ச மாதிரி இருந்துது. அங்க 150 யூரோ பேக்க விக்கறவன் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்கற விஷயம் இது.

ஜீன்ஸு, செருப்பு, ஒரு பொடி பாக்கெட் வெளிய. கோட்டும் சார்ஜரும் ஒடம்புல. பவர் பேங்க உள்ளயே வெச்சேன், 20,000 எம்ஏஎச்-ன்னா 74 வாட் அவர்தான், 100 வரைக்கும் கேபின்ல ஓகே, ஆனா கேட்ல பேக்க புடுங்கி கீழ அனுப்பறேன்னா அத மட்டும் மறக்காம கைல எடுத்துடணும், அதனால மேல் பாக்கெட்டு. கடசியா 6.580. மண்டிக்காரர் அத ஏதோ அவர் லாபம் மாதிரி சத்தமா படிச்சார். பேக் வார் பூரா வெங்காய தோலு ஒட்டிகினு கிடந்துது.

எல்லாம் ஜோர்னு நெனச்சிடாதீங்க. திரும்பி வந்து வெலை பேசினா பாய் 2,200-ல உக்காந்துட்டார், எறங்கவே மாட்டேங்கறார், 1,800-க்கு வந்ததுக்குள்ள எனக்கு தொண்டை காஞ்சிடுச்சு. பில் கேட்டா, "பில்லுன்னா ஜிஎஸ்டி வரும் தம்பி, வேணுமா?" இது ஒண்ணு நம்ம ஊர்ல மாறவே மாறாது போல, எரிச்சலா வந்துது, வேணும்னு அடம் புடிச்சி கூட காசு குடுத்துதான் வாங்கினேன். அப்பால காசு. இங்க இளநி விக்கறவர் கூட க்யூஆர் ஒட்டி வெச்சிருக்கார், என்கிட்ட வெளிநாட்டு நம்பரு, ஜிபே கிடையாது, நாங்க ஜெர்மனில இன்னும் பேக்கரில சில்லறை எண்ணிகினு நிக்கறோம்னா இங்க யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. 500 நோட்டா நீட்டினா பாய்கிட்ட மிச்சம் குடுக்க சில்லறை இல்ல. "அதுக்கு பதிலா இந்த கழுத்து தலகாணி வெச்சிக்கயேன், ஃப்ளைட்ல தூங்கலாம்"னார். கால் கிலோ இருக்கும் பாய், மறுபடியும் மண்டிக்கு போவணும்னேன். விழுந்து விழுந்து சிரிச்சிட்டு பையன சில்லறைக்கு தொரத்தினார்.

பேக்ல இடுப்பு பெல்ட்டு மட்டும் சரியில்ல, வெறும் நாடாதான், பஞ்சு வெக்கல. ஏழு கிலோவுக்கு அது பெருசா தேவைப்படாது, ஆனாலும் நாள் பூரா நடந்தா இடுப்புல வெட்டும். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி ஆளு யாராச்சும் பஞ்சு வெச்சி தெச்சி தருவாங்கன்னா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு எட்டு போயி பாக்கணும்.