விசுவமடுவில் வைத்த அறுபது இழைய வளர்ப்புக் கதலிக் கன்றுகள்

போன வருடம் ஐப்பசியில், மாரி இறங்க முன்னர், அறுபது கதலிக் கன்று வாங்கினேன். எல்லாம் இழைய வளர்ப்புக் கன்று, ஒன்று 250 ரூபா. பக்கத்து வளவில் வாழைக்குட்டி இதில் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் முந்தின முறை அப்படி வாங்கிய குட்டியோடுதான் குருத்து கொத்தாகிக் குறுகும் வைரஸ் என் தோட்டத்துக்குள் வந்தது. பிறகு சாறு உறிஞ்சும் அழுக்கணவன் பூச்சி அதை மரத்துக்கு மரம் பரப்பிவிட்டது. இருபத்தேழு மரத்தைக் கிழங்கோடு தோண்டிப் புதைத்தவன் நான். அதனால் விலையைப் பார்க்கவில்லை.

இந்தக் கன்றுகளை ஆய்வுகூடத்தில் குருத்து நுனியிலிருந்து சிறு துண்டு வெட்டி, போத்தலுக்குள் வளர்த்துப் பெருக்குகிறார்கள். தாய்மரத்தைச் சோதித்து எடுத்திருந்தால் கன்றோடு வைரஸ் வராது. தோட்டத்துக் கிழங்கும் மண்ணும் கூடவே வராததால் கிழங்கு வண்டும் வராது. நுவரெலியாப் பக்கம் விதை உருளைக்கிழங்குக்கும் இதே வழிதான். அங்கேயும் வைரஸ் விதைக்கிழங்கோடு போகம் போகமாகத் தொடரும் என்பதால், சுத்தமான நுனியிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் நட்ட பிறகு நோய் தொற்றாது என்று நினைக்க வேண்டாம். அழுக்கணவன் வந்தால் இதற்கும் வரும்.

சரி, கன்றுக்கு வருகிறேன். நாற்பத்தைந்து கன்று அருமை. பையை வெட்டினால் வேர் பையின் வடிவத்திலேயே கட்டியாக நின்றது. மிச்சம் பதினைந்தில் தும்புச்சோறு பொலபொலவென்று உதிர்ந்தது, உள்ளே மூன்று வெள்ளை வேர். இலை வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. ஈரக் கூடாரத்திலிருந்து எடுத்து, வெயிலுக்குப் பழக்காமலே விற்றிருக்கிறார்கள். கிடுகு சாத்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் ஒன்பது செத்தது. போய்க் கேட்டதற்கு, "தண்ணி காணாது அண்ணை" என்றார் நாற்றுமேடைக்காரர். மாற்றுக் கன்று தரவில்லை. ஆய்வுகூடத்தில் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்ததை, கடைசி இரண்டு கிழமை அவசரத்தில் கெடுத்துவிட்டார்களே என்பதுதான் எனக்குக் கோபம்.

தப்பிய ஐம்பத்தொன்றில் இரண்டு மட்டும் கட்டையாக நின்றுவிட்டன. மற்றதெல்லாம் ஆடியில் கிட்டத்தட்ட ஒன்றாகவே பொத்தி தள்ளின. சோளகக் காற்றுக்குச் சாயாமல் எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் தடி முட்டுக் கொடுக்க முடிந்தது. குலை வெட்டும்போது வியாபாரி லொறியோடு வேலியடிக்கே வந்தார்.

இந்த மாரிக்கு இன்னும் நாற்பது வைக்கப் போகிறேன், அதே நாற்றுமேடையில்தான். இந்தமுறை போனில் சொல்லி எடுக்காமல் நேரில் போய், ஒவ்வொரு பையையும் கையால் அமத்திப் பார்த்துத்தான் ஏற்றுவேன்.