கோல்டன் ஆரோ, ரெயில்டன், புளூபேர்ட்: மாதிரி செய்ய ஏற்ற சாதனைக் கார் எது?

தரைவேகச் சாதனைக் கார் ஒன்றின் மாதிரியைக் கடையில் கிடைக்கும் பாகத்தொகுப்பு இல்லாமல், மரத்திலிருந்தும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்தும் தாமே உருவாக்க விரும்புபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தக் காரைச் செய்வது என்பதைத்தான். ஹென்றி சீக்ரேவின் கோல்டன் ஆரோ, ஜான் காப்பின் ரெயில்டன் ஸ்பெஷல், டொனால்ட் கேம்ப்பெல்லின் புளூபேர்ட் சிஎன்7 ஆகிய மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன். மூன்றும் இன்றும் இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் முழுமையாக இருப்பதால், சந்தேகம் எழும் இடத்தில் உண்மைக் காரின் தெளிவான வண்ணப் படங்களைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். ஜார்ஜ் ஐஸ்டனின் தண்டர்போல்ட் எனக்கு மிகவும் விருப்பமான காராயினும், அது 1946இல் நியூசிலாந்தில் தீக்கிரையாகிவிட்டதால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

கோல்டன் ஆரோ 1929 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரை மணலில் மணிக்கு 231.45 மைல் (372.5 கி.மீ.) வேகத்தை எட்டியது. அதன் நேப்பியர் லயன் எஞ்சினில் மூன்று வரிசைகளில் நான்கு நான்காகப் பன்னிரண்டு சிலிண்டர்கள் உள்ளன. அந்த மூன்று வரிசைகளையும் ஒட்டியே முன்மூடி மூன்று மேடுகளாக அமைந்திருக்கிறது. சக்கரங்கள் திறந்த நிலையில் இருக்கின்றன, அவற்றுக்கு இடையில் இருபுறமும் பக்கப்பெட்டிகள் உள்ளன, முன்மூடியின் மேல் சீக்ரேவ் குறிபார்த்து ஓட்டுவதற்காகத் துப்பாக்கிக் குறிகாட்டி போன்ற ஒரு கருவி நிற்கிறது. பார்ப்பதற்குச் சிக்கலாகத் தோன்றும் இந்தக் காரே புதியவருக்கு எளியது என்பது என் கருத்து. மேடு, பெட்டி, வால் என ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, அரத்தால் சீர்ப்படுத்தி, பிறகு ஒட்டலாம். ஒரு பாகம் கெட்டுப்போனால் அதை மட்டும் திரும்பச் செய்தால் போதும். தொல்லை தருவது தங்க நிறம்தான். சாதாரணத் தங்க வண்ணத்தில் இருக்கும் உலோகத் துகள்கள் 1:43 அளவில் (உண்மைக் காரின் 43இல் ஒரு பங்கு) மணல் தூவியதுபோலத் தெரியும் என்பதால், மிக நுண்ணிய துகள் கொண்ட வண்ணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

புளூபேர்ட் சிஎன்7 இதற்கு நேர் எதிரானது. பிரிஸ்டல் சிட்லி புரோட்டியஸ் வாயுச் சுழலி எஞ்சினால் நான்கு சக்கரங்களையும் இயக்கிய இந்தக் கார், 1964 ஜூலை 17 அன்று ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரியில் மணிக்கு 403.1 மைல் (648.7 கி.மீ.) வேகத்தைப் பதிவு செய்தது. உடல் முழுவதும் ஓயாமல் ஓடும் வளைவு. சக்கரங்களின் மேலிருக்கும் புடைப்புகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று விரலால் தடவினாலும் சொல்ல முடியாத அளவுக்கு அவை உடலோடு கலந்திருக்கின்றன. இத்தகைய உடலில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் பூசிய உடலை டியூப்லைட்டின் கீழே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்: மூக்கிலிருந்து வால்வரை ஓட வேண்டிய ஒளிக்கோடு ஓரிடத்தில் நெளிந்தால், அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது. முப்பரிமாண அச்சில் எடுத்தாலும் இந்த வேலை குறைவதில்லை. சரிவு குறைவான பரப்புகளில்தான் அச்சடுக்குகள் படிக்கட்டுகளாக அதிகம் தெரிகின்றன, இந்தக் காரின் முதுகோ பெரும்பாலும் அத்தகைய பரப்பே. எந்த ஆண்டின் காரைச் செய்கிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும்: 1960இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் விபத்துக்குள்ளான காருக்கு வால்துடுப்பு இல்லை, மீண்டும் கட்டப்பட்டபோதுதான் அது சேர்க்கப்பட்டது.

மூன்றில் நான் தேர்ந்தெடுப்பது ரெயில்டன் ஸ்பெஷல். ரீட் ரெயில்டன் வடிவமைத்த இந்தக் கார் 1938 செப்டம்பர் 15 அன்று பொன்னவிலில் மணிக்கு 350.2 மைல் வேகத்துடன் சாதனை படைத்தது. மறுநாளே ஐஸ்டன் அதை முறியடித்தார். காப் 1939இல் சாதனையை மீட்டார், 1947இல் மணிக்கு 394.19 மைலுக்கு (634.4 கி.மீ.) உயர்த்தினார். இதன் மேலோடும் சிஎன்7இன் உடலைப் போலவே வழுவழுப்பானது, வெள்ளி நிறத்தில் இருப்பதால் கீறல்களை இன்னும் கூடுதலாகக் காட்டும். ஆகவே உழைப்பில் எந்தச் சலுகையும் கிடைக்காது. ஆனால் உண்மைக் காரிலேயே அந்த மேலோடு ஒரே துண்டாகக் கழன்று வரும். அதற்குள் எஸ் எழுத்தைப் போல வளைந்த முதுகெலும்புச் சட்டம், அதன் இரு வளைவுகளிலும் சற்றுச் சாய்வாக அமர்ந்த இரண்டு நேப்பியர் லயன் எஞ்சின்கள், ஒன்று முன்சக்கரங்களையும் மற்றது பின்சக்கரங்களையும் இயக்கும் ஏற்பாடு, மூக்கு நுனியில் ஓட்டுநர் இருக்கை என வியப்பூட்டும் ஓர் இயந்திரமே இருக்கிறது. மேலோட்டைத் தூக்கிக் காட்டக்கூடிய மாதிரிக்கு இணையாக மற்ற இரண்டிலும் எதுவும் கிடைக்காது.

இதற்கு 1:43 போதாது. ஏறத்தாழ 8.7 மீட்டர் நீளமுள்ள கார் அந்த அளவில் 20 செ.மீ. ஆகிவிடும், எஞ்சின் குழாய்களைச் செய்ய இடம் இராது; 1:24இல் 36 செ.மீ. கிடைக்கிறது, பித்தளைக் கம்பியை வளைத்து வேலை செய்யலாம். சட்டத்தையும் சக்கரங்களையும் முதலில் முடித்துவிட்டு, மேலோட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிக்காதபடி ரெசினில் வார்ப்பது நல்லது; பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், ஓடு குறுகும் அந்தப் பின்பகுதியில்தான் தடிமன் முதலில் இடிக்கும்.