டர்போ செடானும் பழைய ஸ்போர்ட்ஸ் காரும்: வாரண்டி முடிந்த பிறகு எதன் கை ஓங்குகிறது?

பிஎம்டபிள்யூ எம்340ஐ, ஹோண்டா எஸ்2000 ஆகிய இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்ப்பது பலருக்கு விந்தையாகத் தோன்றலாம். முன்னது 2019-இல் விற்பனைக்கு வந்த, ஐவர் அமரக்கூடிய டர்போ செடான் (டர்போ என்பது வெளியேற்ற வாயுவின் விசையால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி). பின்னது 1999 முதல் 2009 வரை தயாரிக்கப்பட்ட, கூரையைத் திறந்து மூடக்கூடிய இருவர் கார். ஆனால் ஓட்டும் இன்பத்துக்காகவே ஒரு காரை வாங்க நினைத்து, பயன்படுத்திய கார்களின் சந்தையில் தேடுபவருக்கு இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே விலை வரம்புக்குள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. எனக்கும் அப்படித்தான் வந்து நின்றன. நான் எஸ்2000-ஐத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் 2004-க்கு முந்தைய, இரண்டு லிட்டர் என்ஜின் கொண்ட மாதிரியை. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

சொல்லித் தெரிய வேண்டாதவற்றை முதலில் கடந்துவிடலாம். இடவசதி, சொகுசு, நெடுந்தூரப் பயணத்தின் அமைதி, பெட்டிகள் வைக்கும் இடம் என எதை எடுத்தாலும் செடான்தான் மேல். நேர்க்கோட்டு வேகத்திலும் போட்டி இல்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் எம்340ஐ, நிற்கும் நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடிகளில் எட்டிவிடும். எஸ்2000-க்கு ஆறு விநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும். வீட்டில் ஒரே ஒரு கார்தான், அதில் நால்வர் போக வேண்டும் என்றால் யோசிக்க எதுவும் இல்லை. செடானையே வாங்க வேண்டும்.

ஓட்டும் அனுபவத்தைப் பொறுத்தவரை, என்ஜின் தன் பலத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதே பெரிய வேறுபாடு. எம்340ஐயின் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் பி58 என்ஜின் 374 குதிரைத்திறனையும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. அந்த 500-உம் ஏறத்தாழ 1,900 ஆர்பிஎம்மிலேயே, அதாவது என்ஜின் நிமிடத்துக்கு 1,900 சுற்றுகள் சுழலும்போதே, கிடைத்துவிடுகிறது. எஸ்2000-இன் எஃப்20சி என்ஜின் டர்போ இல்லாமலேயே, சந்தையைப் பொறுத்து, 240 முதல் 250 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் முறுக்குவிசை செடானில் பாதியைக்கூட எட்டாது. அதன் உச்சமும் 7,500 ஆர்பிஎம்மில்தான் வருகிறது. 6,000-ஐ ஒட்டி விடெக் அமைப்பு வால்வுகளின் திறப்பை மாற்றும்போது என்ஜினின் குரலே மாறிவிடும். அங்கிருந்து 9,000 வரை ஆர்பிஎம் காட்டும் டிஜிட்டல் பட்டை வளைந்து ஏறும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இந்தக் காரை வாங்குகிறோம். செடானில் வலது காலைச் சற்று அழுத்தினாலே வேகம் வந்துவிடுகிறது. எஸ்2000-இல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து ஆர்பிஎம்மை மேலே வைத்திருந்தால்தான் என்ஜின் பதில் சொல்லும். பழைய கார் என்றாலே ஸ்டீயரிங் வழியாகச் சாலை பேசும் என்ற நம்பிக்கை மட்டும் இங்கே முழுதாகப் பொருந்தாது, ஏனெனில் எஸ்2000-உம் மின்சார ஸ்டீயரிங் கொண்டதுதான். அது துல்லியமாகத் திரும்புவதற்குக் காரணம், செடானைவிட 400 கிலோவுக்கும் மேல் குறைந்த எடையும், முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்ட என்ஜினும் ஆகும்.

இதுவரை சொன்னது ரசனை சார்ந்தது. அதில் ஒருவருக்கொருவர் வேறுபடுவர். என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஒரு கார் எத்தனை முறை பழுதாகும் என்பதைவிட, பழுதானால் அதை யாரால், எதைக் கொண்டு, எவ்வளவு பிரித்துப்போட்டுச் சரிசெய்ய முடியும் என்பதையே நான் பெரிதாகக் கருதினேன். வாரண்டி இருக்கும் வரை இந்தக் கேள்வி எழாது. அது முடிந்த நாளிலிருந்து வேறு எந்தக் கேள்வியும் இந்த அளவுக்குக் கையைக் கடிக்காது.

டர்போ என்ஜினில் எல்லாமே வெப்பத்தில் தொடங்குகிறது. பெட்ரோல் என்ஜினின் வெளியேற்ற வாயு, முழு விசையில் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தோடு டர்போவின் விசிறியைச் சுழற்றுகிறது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி43-இல் உள்ள டர்போ நிமிடத்துக்கு 1,75,000 சுற்றுகள் வரை சுழலக்கூடியது. இத்தனை வேகத்தில் சுழலும் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். காரை நிறுத்திய பிறகும் கூலன்ட் பம்ப் சிறிது நேரம் தானே ஓடுவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். டர்போவில் தேங்கும் வெப்பம் ஆயிலைக் கருக்கிவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. ஆடி எஸ்4-இன் வி6 என்ஜினில் டர்போ இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவிலேயே அமர்ந்திருக்கிறது. இதனால் வெளியேற்ற வாயு செல்லும் வழி சுருங்கி டர்போ விரைவாக விழித்துக்கொள்கிறது. பொறியியலாகப் பார்த்தால் அழகான தீர்வு. ஆனால் அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இணைப்புகள், ரப்பர் குழாய்கள், வயர்கள், சீல்கள் அனைத்தும் ஆண்டுக்கணக்கில் தாங்கியாக வேண்டும்.

அடுத்தது எரிபொருள் பீய்ச்சும் முறை. இன்றைய டர்போ செடான்களில் பெரும்பாலானவை பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகின்றன. சிக்கனத்துக்கும் விசைக்கும் அது நல்லது. ஆனால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை என்பதால், என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து, நாளடைவில் கரியாக இறுகிவிடுகிறது. டொயோட்டாவின் டி-4எஸ் போன்ற அமைப்புகள் இரண்டு இடங்களிலும் பீய்ச்சுவதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு. மற்றவற்றில் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வுகள் மூடிய நிலையில் சிலிண்டரை நிறுத்தி, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தோடு அடித்துக் கரியை எடுக்கிறார்கள். பி58-இல் காற்றைக் குளிர்விக்கும் அமைப்பும் அந்த மேனிஃபோல்டுக்குள்ளேயே இருப்பதால், கூலன்ட் குழாய்களையும் பிரித்துத்தான் அதை வெளியே எடுக்க முடியும். அதே என்ஜினில், வால்வுகளை என்ஜினின் சுழற்சியோடு ஒத்திசைக்கும் டைமிங் செயின் பின்புறம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அது உறுதியான செயின்தான். பி58-உம் பெரிதும் மதிக்கப்படும் என்ஜின்தான். ஆயினும் அங்கே கை வைக்க வேண்டிய நாள் வந்தால் கியர்பாக்ஸ் இறங்கியாக வேண்டும்.

மின்னணுப் பாகங்கள் வேறொரு தளைபோடுகின்றன. ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றினால் அதை அந்தக் காருக்கென்று கணினி வழியாகப் பதிவு செய்ய வேண்டும். முன்கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னாலுள்ள கேமராவைத் திரும்ப அளவீடு செய்ய வேண்டும். விபத்தே நடக்காத காரிலும் கல் பட்டுக் கண்ணாடி விரிசல் விடுவது உண்டல்லவா? வாங்குவது எளிது, வைத்துப் பராமரிப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றது என்ற நிலைக்கு இந்தக் கார்கள் பத்தாம் ஆண்டுக்குப் பின் வந்து சேரும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன், ஏனெனில் எம்340ஐயை நன்றாக ஓட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, சொந்தமாக வைத்து முதுமை வரை பராமரித்ததில்லை. முறையாக ஆயில் மாற்றி வந்தவர்களுக்கு அது எந்தத் தொல்லையும் தராமல் நெடுங்காலம் ஓடவும் கூடும்.

எஸ்2000-இல் வால்வு இடைவெளி சரிபார்ப்பதைப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்டுகளும் பதினாறு வால்வுகளும் கண்முன்னே இருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடை இடைவெளியில் செருகி இழுக்க வேண்டும். இன்டேக் பக்கம் 0.21 முதல் 0.25 மில்லிமீட்டர், வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் 0.25 முதல் 0.29 மில்லிமீட்டர். தகடு தாராளமாக வழுக்கினால் இடைவெளி அதிகம், உள்ளே போகவே மறுத்தால் குறைவு; இலேசாகப் பிடித்து விடும் பதம் கைக்கு ஒருமுறை பழகிவிட்டால் மறக்காது. பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது திருப்பி, மீண்டும் இறுக்க வேண்டும். கணினியும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். எரிபொருள் வால்வுக்கு முன்பே பீய்ச்சப்படுவதால் கரி படியும் கவலையும் பெரிதாக இல்லை. வயதான எஸ்2000-களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து சத்தமிடுவது பலரும் அறிந்த குறை. அந்தப் பாகத்தை என்ஜினைப் பிரிக்காமல், வெளியிலிருந்தே இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம்.

பழைய காரின் பக்கமும் கணக்கு சுத்தமாக இல்லை. இரண்டாம் கியர் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ தேய்வது, கூரைத் துணி மடிப்புகளில் கிழிவது, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் இறுகிப்போவது ஆகியவை இந்த மாதிரியில் வழக்கமானவை. பாகங்கள் கிடைப்பதுதான் உண்மையான கவலை. தேய்மானப் பாகங்கள் இன்னும் வருகின்றன. ஆனால் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன காரில் உள்ளலங்காரப் பாகங்களும் பாடி பேனல்களும் ஒவ்வொன்றாக அரிதாகிக்கொண்டே போகும். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆருக்கும், டொயோட்டா சுப்ராவுக்கும், மஸ்தா முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்கும் பழைய பாகங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது போன்ற முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. இருந்தாலும் ஒரு மோதலில் முன்பக்கம் நசுங்கினால் எஸ்2000-ஐ மீட்பது செடானை மீட்பதைவிடக் கடினமாகலாம்.

பாதுகாப்பில் நான் எந்தச் சமரசமும் பேச மாட்டேன். இங்கே செடான் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. தொடக்கக்கால எஸ்2000-இல், கார் வழுக்கித் திரும்பாமல் தடுக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லை. வளைவின் நடுவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும் இயல்பு அதற்கு உண்டு. 2004 மாதிரியில் ஹோண்டா சஸ்பென்ஷனை மாற்றி அதைத் தணித்தது. ஈரச் சாலையில் தேய்ந்த டயர்களோடு இந்தக் காரை ஓட்டவே கூடாது.

மறுவிற்பனையைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. செடானின் மதிப்பு முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகச் சரிகிறது. எஸ்2000 தன் சரிவை எப்போதோ முடித்துக்கொண்டுவிட்டது. இனிமேலும் ஏறும் என்று நம்பி அதை வாங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை.

செடானையே விரும்புபவர்கள் ஆயில் மாற்றிய பதிவுகளை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய நிறுவனங்கள் சில 30,000 கிலோமீட்டர் வரை நீட்டித்திருக்கும் இடைவெளியை அப்படியே பின்பற்றிய காரைவிட, அதில் பாதியிலேயே மாற்றிவந்த உரிமையாளரின் காருக்குச் சற்று அதிகம் கொடுப்பதும் தகும். எஸ்2000 பார்க்கப் போகிறவர்கள், என்ஜின் ஆறியிருக்கும்போதே அதைக் கிளப்பிக் கேட்க வேண்டும். பிறகு இரண்டாம் கியரை உயர்ந்த ஆர்பிஎம்மில் போட்டுப் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் எப்போதாவது தவறிக் கீழ்க்கியருக்கு இறக்கி என்ஜினை எல்லை மீறிச் சுழற்றியிருந்தால் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர்களில் விரிசல் விழுந்திருக்கலாம். மேல்மூடியைத் திறந்து காட்டவும், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யவும் விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிட்டு அடுத்ததைத் தேட வேண்டும்.