கேவுரு கூழா, டின் பவுடரா? எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து

பாப்பாவுக்கு 7 மாதம் ஆனதிலிருந்து வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு இரண்டு கட்சி. தாய்ப்பாலோடு கூட எதைக் கொடுப்பது என்பதுதான் தகராறு. குடியாத்தத்திலிருந்து வந்திருக்கும் என் ஆயா (பாட்டி) கேவுரு, அதாவது கேழ்வரகுக் கூழ் கட்சி, "எதிர்வீட்டுப் பிள்ளை எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு பாரு" என்று சொல்லும் என் மாமியார் டின்னில் வரும் குழந்தைப் பால் பவுடர் கட்சி.

அந்தக் கொழுகொழுவில்தான் எனக்குப் பயம். முதல் வருடத்தில் எடை தாறுமாறாக ஏறும் குழந்தைகள் பிற்பாடு குண்டாகும் வாய்ப்பு அதிகம்.

பவுடரில் தாய்ப்பாலைவிடப் புரதம் கூடுதல். ஐரோப்பாவில் 5 நாடுகளில் சில குழந்தைகளுக்குப் புரதம் கூடிய பவுடரும் சிலருக்குக் குறைந்ததும் கொடுத்துப் பார்த்தார்கள். 2 வயதில் உயரம் ஒன்றுதான், எடை மட்டும் முதல் கூட்டத்துக்கு ஏறியிருந்தது. சரி, அது பவுடரின் குணம், கையின் குணம் ஒன்று இருக்கிறதே! ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும், எங்கள் வீட்டில் கோபுரமாக அள்ளுவார்கள், அப்புறம் புட்டியில் ஒரு விரல்கடை மிஞ்சினால் காசு கொடுத்து வாங்கியது வீணாகுதே என்று, முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளையின் வாயில் மறுபடியும் திணிப்பார்கள். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை வயிறு நிறைந்ததும் விட்டுவிடும், எத்தனை மில்லி என்று யாரும் கணக்குக் கேட்க முடியாது.

கேவுரு அப்போ ஜெயித்துவிட்டதா? பாதி. 100 கிராம் தானியத்தில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், விலையும் மலிவு. ஆயா ராத்திரி ஊறவைத்து, அரைத்து, வெள்ளைத் துணியில் பாலெடுத்துக் காய்ச்சுவார், வாசனை தெருவுக்கே வரும். அதில் இரண்டு கட்டி வெல்லம் விழும். கேட்டால், "வெல்லம் சக்கரையாடி?" 2 வயது வரை இனிப்பு சேர்க்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், வெல்லத்துக்குத் தனிச் சலுகை கிடையாது. போதாததுக்கு செல்போனில் பாட்டு ஓடவிட்டு ஊட்டுகிறார். பிள்ளை திரையைப் பார்த்தபடியே வாயைத் திறக்கிறது, எது கடைசி வாய் என்று அதற்கே தெரியாது. அந்த நேரத்தில் கூழும் பவுடரும் ஒன்றுதான்.

"ஒல்லியா இருக்குடி" என்பது ஆயாவின் கடைசி அஸ்திரம். டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களை 30 வயதை ஒட்டிப் பரிசோதித்தபோது, சர்க்கரைக் கோளாறு வந்தவர்களில் பலர் 2 வயதில் ஒல்லியாக இருந்து அதற்கப்புறம் வேகமாகச் சதை போட்டவர்கள். அதனால் எடையை மட்டும் பார்க்காமல் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். பிள்ளைகள் குண்டாவதற்குத் தூக்கம் குறைவதும் ஒரு காரணம், வேலூர் வெயிலில் மதியத் தூக்கத்துக்கு நான் எங்கே போவேன்?

என் ஓட்டு கேவுருக்கு: வெல்லம் இல்லாமல், கெட்டியாக, போன் இல்லாமல், பாப்பா வாயை மூடினால் கிண்ணத்தை எடுத்துவிடும் நிபந்தனையோடு. மிச்சக் கூழில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு ஆயாவே குடித்துவிடுகிறார்.