இரண்டு தராசு, நான்கு நோட்டு: விருந்துகளுக்கு நடுவே எடை குறைத்த நான்கரை ஆண்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் குடியிருந்து, பள்ளியில் கணிதம் கற்பித்து வருகிறேன். 2021 ஜனவரி முதல் வாரத்தில் எடை பார்க்கும் மின்னணுத் தராசு ஒன்றும், ஐந்து கிலோ வரை நிறுக்கும் அடுக்களைத் தராசு ஒன்றும், இருநூறு பக்க நோட்டு ஒன்றும் வாங்கினேன். அன்று என் எடை 78.6 கிலோ. உயரம் 156 செ.மீ. என்பதால் உடல் நிறை குறியீட்டெண் 32-ஐத் தாண்டியிருந்தது. இந்திய உடல்வாகுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடற்பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 இருந்தது; 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. இன்று எடை 66.3 கிலோ, எச்பிஏ1சி 5.6. குறியீட்டெண் இன்னும் 27-இல்தான் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மூன்று மாதத்தில் இருபது கிலோ என்ற வகைக் கதையைத் தேடி வருபவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

இந்த மாவட்டத்தில் எடை குறைப்பது ஏன் தனிப் பாடு என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. அதனால் அவியல், எரிசேரி, புளிசேரி, உள்ளித் தீயல், அடைப் பிரதமன் என்னும் பாயசம் என்று இலை முழுக்கத் தேங்காயும் வெல்லமும் நிறைந்த பந்தி எங்களுக்கு உண்டு. அதோடு பிரியாணி போடும் கல்யாண வரவேற்பும், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவை ஒட்டி உறவினர் வீட்டு அழைப்பும், கிறிஸ்துமஸ் கேக்கும், அம்மன் கோயில் கொடையும், ஓணமும் ஒரே தெருவுக்குள் வந்து சேரும். பால்காய்ப்பு, வளைகாப்பு, இறந்தவருக்குப் பதினாறாம் நாள் அடியந்திரம் என்று நல்லது கெட்டது இரண்டுக்கும் இலை உண்டு. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் மறந்துவிடுவார்கள், அடியந்திரத்துக்குப் போகாமல் இருந்தால் மறக்க மாட்டார்கள். ஆகவே விருந்துகளை ஒதுக்கிவிட்டு எடை குறைக்கும் எந்த முறையும் எனக்கு முதல் நாளே உதவாது என்று தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தும் முதல் நான்கு மாதங்கள் அதைத்தான் செய்தேன். விருந்துக்குப் போவேன், பிசைவேன், பாதியில் இலையை மடிப்பேன். மறுநாள் காலையில் தராசில் ஏறினால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். பாதிதான் உண்டோம், ஆனாலும் ஒன்றரைக் கிலோவா என்ற ஆத்திரத்தில் அன்று முழுவதும் பட்டினி கிடப்பேன். மாலை நான்கு மணிக்கு, பள்ளி விட்டதும், நேந்திரங்காய் வற்றல் டப்பாவைத் திறப்பேன். அந்த டப்பாவுக்கு அடி உண்டு என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கணக்கு ஆசிரியை இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு உடலில் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். ஒரே மதியத்தில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏறுவதற்குப் பதினோராயிரம் கலோரிக்கு மேல் தின்றிருக்க வேண்டும். பந்தி பரிமாறுபவரே அதற்கு விட மாட்டார். உண்மையில் கூடுவது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. ஊறுகாய், பப்படம், உப்பேரி ஆகியவற்றின் உப்பு வேறு தண்ணீரைத் தங்க வைக்கிறது. குடலில் கிடக்கும் உணவுக்கும் எடை உண்டு. என் நோட்டில் பார்த்தால் இந்த ஏற்றம் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தானாக இறங்கிவிடுகிறது. அதன் பிறகு நாள் எடையைக் குறித்துக்கொள்வதோடு சரி, முடிவு எதையும் அதை வைத்து எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் சராசரியைப் போட்டு, அதை மட்டும் சிவப்பு மையில் எழுதுகிறேன். மன அமைதிக்கு இந்தச் சிவப்பு மை செய்த உதவியை வேறு எதுவும் செய்யவில்லை.

விருந்தின் மேல் நான் போட்ட பழி எவ்வளவு பொய் என்பதை 2021 ஊரடங்கு காட்டிக்கொடுத்தது. மே மாதம் முழு ஊரடங்கு வந்தபோது சராசரி 76.9. அடுத்த இரண்டரை மாதங்களில் ஒரு பந்தியில்கூட நான் உட்காரவில்லை. ஜூலை இறுதியில் சராசரி 78.1. வீட்டில் இருந்த நாட்களில் காலைச் சாயாவுக்கும் மாலைச் சாயாவுக்கும் நடுவே இன்னொரு சாயா முளைத்திருந்தது. ஏத்தம்பழம், அதாவது நேந்திரம்பழம், மலிவாகக் கிடைத்ததால் அதை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழம்பொரி வாரத்துக்கு நான்கு நாள்.

அதனால் 2022-இல் எல்லாவற்றையும் எண்ணினேன். அந்த ஓணத்தன்று, வீட்டார் கேலி செய்ததைப் பொருட்படுத்தாமல், என் இலைக்கு வந்த ஒவ்வொன்றையும் கிண்ணத்தில் நிறுத்துவிட்டுத்தான் இலையில் போட்டேன். சோறு மூன்று தடவையாக 430 கிராம், அதாவது சுமார் 560 கலோரி. பிரதமன் இரண்டு கோப்பை. கறிகளில் இருந்த தேங்காயும் எண்ணெயும் சேர்த்து மொத்தம் சுமார் 1,600 கலோரி வந்தது. என் வழக்கமான மதியச் சாப்பாடு 600. ஆக ஒரு விருந்தின் மிகுதி ஆயிரம். அந்த ஆண்டில் எனக்கு 38 விருந்துகள். காகிதத்தில் 38,000 கலோரி, கிட்டத்தட்ட ஐந்து கிலோ. இது சிறிய தொகையன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளி நாட்களில் மாலைப் பழம்பொரி ஒன்றும் சீனி போட்ட சாயா இரண்டும் சேர்ந்து நாளுக்கு 250 என்று வைத்தால், வாரத்துக்கு ஐந்து நாளாக 44 வாரங்களுக்கு 55,000 கலோரி வருகிறது. ஏழு கிலோ. விருந்து முடிந்த மறுநாளும் மறுநாளைக்கு மறுநாளும் உண்ட மிச்சத்துக்கு இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல். உடல் இப்படிக் கூட்டல் கழித்தலாகவே நடந்துகொள்வதில்லை என்றாலும், எந்தத் தொகை பெரிது என்று காட்ட இந்தக் கணக்கு போதும். நான் ஆண்டு முழுக்கச் சண்டை போட்டது 38 நாட்களோடு. என்னை வளர்த்தது மீதி நாட்கள்.

பழம்பொரியை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று மாற்றினேன். சாயாவில் சீனியை விடுவதற்கு மூன்று வாரம் பிடித்தது. நான்காம் வாரம் யாரோ மறந்து சீனி போட்டுக் கொடுத்த சாயாவைக் குடிக்க முடியவில்லை. 2022-இல் குறைந்த நான்கு கிலோவில் பெரும்பகுதி இந்த இரண்டு மாற்றங்களாலேயே என்பது என் துணிபு.

இனி இலை. எங்கள் பக்கத்துப் பந்தியில் பருப்பும் நெய்யும் பப்படமும் முதலில், பிறகு சாம்பார், பிறகு பாயசங்கள், அதற்கும் பிறகு ரசமும் மோரும் வரும். பாயசத்தோடு சாப்பாடு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ரசத்துக்காக ஒரு கரண்டிச் சோறு விழும், மோருக்காக இன்னொன்று. சோறு 430 கிராமாக ஏறியது இந்த வரிசையால்தான். இப்போது சோறு ஒரே தடவை வாங்குகிறேன். அதைப் பருப்புக்கும் சாம்பாருக்கும் நானே பாகம் பிரித்து வைத்துக்கொள்கிறேன். ரசத்தையும் மோரையும் உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிறேன். கையில் வாங்கிக் குடிப்பது எங்கள் ஊரில் வழக்கந்தான் என்பதால் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அவியல், துவரன், இஞ்சிப்பச்சடி எல்லாம் உண்பேன். பிரதமன் ஒரு கோப்பை, அதுவும் நன்றாக இருந்தால் மட்டும். பால் பாயசமும் போளியும் வந்தால் அவற்றுக்கும் அடைப் பிரதமனுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். நாளொன்றின் மொத்தக் கலோரியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்துக்குக் கீழே, அதாவது சுமார் 25 கிராமாக இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது; நான் வீட்டில் வைக்கும் பிரதமனில் ஒரு கோப்பைக்கே நாற்பது கிராம் வெல்லம் போகிறது. அன்றைய பங்கு முடிந்தது என்று தெரிந்தே குடிக்கிறேன்.

மறுப்பதற்கும் ஒரு மொழி வேண்டியிருக்கிறது. 'டயட்' என்ற சொல்லைப் பந்தியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எதிர் வரிசை வரைக்கும் மருத்துவ ஆலோசனை கிடைத்தது; 'சுகர் இருக்கா மக்களே?' என்று கேட்ட பெரியம்மாவுக்கு இல்லை என்று விளக்கி முடிப்பதற்குள் இலையில் சோறு விழுந்துவிட்டது. இப்போது, 'இன்னும் கொஞ்சம் போடட்டா மக்களே?' என்று சித்தி வந்தால், 'பெறவு பிரதமன் குடிக்கணும்லா சித்தி, எடம் வேணும்' என்கிறேன். அவர்கள் சமைத்ததில் ஒன்றுக்காக இன்னொன்றை விடுகிறேன் என்றால் அவர்களுக்கு மகிழ்ச்சியே. பொய்யும் இல்லை.

மிச்சந்தான் கடினமானது. நெருங்கிய சொந்தம் என்றால் மூடி போட்ட வாளியில் பிரதமனும், தாளில் பொதிந்த போளியும் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். வேண்டாம் என்பது மரியாதையன்று. வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே பக்கத்து வீட்டில் பாதியைக் கொடுத்துவிடுகிறேன். கிறிஸ்துமஸ் நாட்களில் இது எதிர்த்திசையிலும் நடக்கும்: பக்கத்து வீட்டார் தட்டில் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கேக்கும் வரும், தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது, நான் ஏதாவது பொரித்து வைப்பேன், பொரிக்கும்போது நான்கைத் தின்பேன். பெயரில் முந்திரி இருந்தாலும் முந்திரிக்கொத்து சிறுபயறு என்பதால் அது உடம்புக்கு நல்லது என்று என் அத்தை இன்றும் வாதிடுவார். வெல்லப்பாகையும் எண்ணெய்ச் சட்டியையும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்போது தட்டைத் திருப்பும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் வைக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதற்கு ஒரு கௌரவமும் வந்துவிட்டது.

சாதாரண நாட்களில் தேங்காயை விடவில்லை. விட்டால் எங்கள் வீட்டில் அதைச் சாப்பாடாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இறக்கும்போது மேலே சுற்றி ஊற்றும் தேங்காய் எண்ணெயை மட்டும் கரண்டியால் அளக்கிறேன், ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி என்பதை நினைவில் வைத்து. சாளை மீனைப் பொரிப்பதற்குப் பதில் குழம்பாகவோ மீன் அவியலாகவோ வைக்கிறேன். புரதம் நிறைய இருப்பதால் இரவுப் பசி குறைந்தது. புட்டுக்குப் பழமும் சீனியும் போய், பயறு வந்தது. மரச்சீனிக் கிழங்கில், அதாவது மரவள்ளியில்தான் நீண்ட நாள் ஏமாந்தேன். 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய காலத்தில் அரிசிக்கு மாற்றாக வந்த கிழங்கை, நாங்கள் அரிசிக்குத் துணையாக்கிவிட்டோம். காலையில் கிழங்கும் மீன்கறியும், மதியம் வழக்கம்போல் சோறு. இப்போது கிழங்கு தின்ற நாளில் சோறு கிடையாது.

நடைக்குப் பத்மநாபபுரம் கோட்டைச் சுற்றுவட்டாரம் வாய்த்திருக்கிறது. ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் நடை அறுந்துபோகும். நான்கு ஆண்டும் அந்த மாதங்களில் சிவப்பு மை எண்கள் ஏறியோ அப்படியே நின்றோ இருக்கின்றன.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எடைத் தராசு சமமான தரையில் இருந்தால் மட்டுமே சரியாகக் காட்டும். பழைய வீட்டுத் தரையில் இடம் மாற்றினால் முக்கால் கிலோ வித்தியாசம் வந்தது, ஆகவே ஒரே இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அது காட்டும் உடற்கொழுப்பு விழுக்காட்டை நம்ப வேண்டாம். மெல்லிய மின்னோட்டத்தை வைத்து ஊகிக்கும் எண் அது, உடலில் தண்ணீரின் அளவு மாறினாலே மாறிவிடுகிறது. அடுக்களைத் தராசு இரண்டாம் ஆண்டில் ஆவி புகுந்து கெட்டது. அடுப்பருகில் வைத்தது என் தவறு. கைப்பேசிச் செயலி ஒன்றை இரண்டு மாதம் பயன்படுத்தினேன். அவியலுக்கு ஐந்து விதமான கலோரி சொன்னது, உள்ளித் தீயலை அறியவே இல்லை. நோட்டு கெடவில்லை, அதற்கு மின்னேற்றமும் தேவைப்படவில்லை.

2023 இறுதியில் சராசரி 68.1, 2024 இறுதியில் 66.8. அதற்குப் பிறகு இறக்கம் மிக மெதுவாகிவிட்டது. எடை குறைந்த உடலுக்குத் தேவையும் குறைவு என்பது ஒரு காரணம்; நேந்திரங்காய் வற்றல் இன்னொன்று. நூறு கிராமுக்கு ஐந்நூறு கலோரிக்கு மேல் உள்ள அதை மட்டும் என்னால் நிறுத்து எடுத்துத் தின்ன முடியவில்லை. வீட்டில் வாங்குவதை நிறுத்தினேன். விருந்து இலையின் ஓரத்தில் வைக்கும் நாலைந்து துண்டுகளோடு சரி என்று முடிவு செய்தேன். அந்த முடிவை இந்த ஆண்டு மட்டும் மூன்று முறை மீறியிருக்கிறேன். தேதிகள் நோட்டில் இருக்கின்றன.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், வந்த அழைப்பிதழ்களைப் பார்த்து, அந்தந்த நாளுக்கு எதிரே எதை ஆசையோடு உண்பேன் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மண்டபமும் சமையல்காரரும் முடிவாகவில்லை; நான்காம் நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'அடைப் பிரதமன், இரண்டு கோப்பை' என்று எழுதியாகிவிட்டது.